சுட்ட மாங்காய், கீறிய மிளகாய், கொஞ்சம் ஒயின்

அம்மிணி,

ஃபோனில் உன்னோடு பேசும்போது "சாப்பிட்டியா சாமி", "அங்க மழையாமா" என்ற இரண்டுக்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. மூன்றாவதைத் தேடுவதற்குள் ஃபோன் உன் அம்மா கைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ரிக் வண்டியோடு வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்த காலத்தில் உன் அம்மாவுக்கு எழுதியவைதான் நான் கடைசியாக எழுதிய கடிதங்கள். அவற்றிலும் வண்டி எந்த ஊரில் நிற்கிறது, எப்போது திரும்பும் என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. இது கொஞ்சம் நீளமாகப் போகும். வேலை முடிந்து அறைக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்த பிறகு படி. நாளெல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலை என்று இப்போது எனக்குத் தெரியும்.

நீ சிங்கப்பூர் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இந்தச் சித்திரையில் நம் வீட்டில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் ஒன்றரை வருடம் உன்னோடு பேசாமல் இருந்தேனே, அதற்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

உன்னைக் கேட்டரிங் படிக்க அனுப்பியபோது நீ சமையல் பக்கம் போவாய் என்று நினைத்திருந்தேன். பெங்களூரில் பெரிய ஹோட்டலில் வேலை என்றாய். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் வெண்ணந்தூர் ரோட்டு டீக்கடையில், என்னோடு ரிக்கில் ஓடிய நண்பர் ஒருவர் ஃபோனை நீட்டி, "இது நம்ம புள்ளதானுங்களே?" என்றார். கறுப்பு ஏப்ரன் கட்டி, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, காதுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பாட்டில்கள். நண்பர் கெட்ட எண்ணத்தோடு காட்டவில்லை, பெருமையாகத்தான் காட்டினார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்து உன்னைக் கூப்பிட்டேன்.

"எம் பொண்ணு சாராயம் ஊத்திக் குடுக்கறாளாமா?"

"ஊத்திக் குடுக்கறதில்லீங்கப்பா. கலக்கறேன். அதுவும் ஒரு தொழிலுங்க."

"இனிமே எனக்கு ஃபோன் பண்ணாத."

அன்று சாயங்காலம் நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். வழக்கம்போல பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஒரு குவார்ட்டர் வாங்கி, சுவரோரம் நின்று, பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, மூக்கைப் பிடிக்காத குறையாக இரண்டே மடக்கில் இறக்கினேன். மகள் இப்படி ஒரு வேலைக்குப் போய்விட்டாளே என்ற துக்கத்தில் குடித்தேன். இதில் ஏதோ கோணல் இருக்கிறது என்று எனக்கு அன்று தோன்றவேயில்லை. மறுநாளும் தோன்றவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், "ஹோட்டல்ல ரிசப்ஷன்ல இருக்கறா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். உன் அம்மா மட்டும் தினமும் உன்னோடு பேசினாள். பேசும்போது குரலைக் குறைக்கக்கூட இல்லை. நான் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன்.

அப்படி இருக்கும்போதுதான் நீ வந்தாய். சிங்கப்பூர் வேலை கிடைத்துவிட்டது, போவதற்கு முன் மூன்று வாரம் வீட்டில் இருக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சரி என்றேன். நீ பெட்டியைத் திறந்து துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு ஒயின் பாட்டிலை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. உன்னிடம் நேராகச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்வதுபோல் சத்தம் போட்டேன். "எங்கூட்டுக்குள்ள அந்தப் பாட்டில் இருக்கக் கூடாது. சொல்லிப் போட்டேன்."

உன் அம்மா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏனுங்க, மோட்டார் ரூம்ல ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால உங்க பாட்டில் இருக்குதுங்களே, அதும் பக்கத்துல கொண்டு போய் வெச்சிரட்டுங்களா? இல்ல, ஃபிரிட்ஜிலயே இருக்கட்டுங்களா?"

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். சிரித்தாயா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அந்த இடம் அவளுக்குத் தெரியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. "என்னமோ பண்ணுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டேன். தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாள்கூட இல்லை அது.

பிறகுதான் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் விழுந்தது. புது ஹோட்டலில் பகல் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்காக ஒரு பானம் கேட்டிருக்கிறார்கள். வெயிலுக்கு இதமாக இருக்க வேண்டும், காரம் வேண்டும், போதை மிகக் குறைவாக இருக்க வேண்டும், குடித்தவர் எழுந்து போய் மிச்ச வேலையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் ஊரை நினைத்து ஒன்று செய்து கொண்டு வர வேண்டுமாம். நீ மாங்காயும் மிளகாயும் என்று முடிவு செய்துவிட்டு வந்திருந்தாய். ஒவ்வொரு நாளும் காலை பதினொரு மணிக்குச் சமையலறையில் ஆரம்பிப்பாய். நான் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் நாள் கிளிமூக்கு மாங்காயைத் துருவிப் பிழிந்தாய். புளிப்பு போதவில்லை என்று உன் அம்மா சொன்னாள். இரண்டாம் நாள் நாட்டு மாங்காய். அது பல் கூசியது. மூன்றாம் நாள் வெல்லப்பாகை ஏற்றினாய். அம்மா ஒரு ஸ்பூன் நக்கிப் பார்த்துவிட்டு, "வெல்லத்தக் கொறச்சு உப்ப ஏத்து. வெயிலுக்கு இனிப்பாக் குடிச்சா மறுக்காவும் தாகந்தான் எடுக்கும்" என்றாள். ஒயின் ஊற்றாததை மட்டும்தான் அவள் ருசி பார்த்தாள். ஊற்றியதைப் பார்க்க ஆள் இல்லாமல் நீயே பார்த்தாய். பச்சை மிளகாயை இடித்துப் போட்டாய், அரைத்துப் போட்டாய். நான்காம் நாள் உன் நாக்கு செத்துப்போய், சோறு காரமா சப்பையா என்றுகூடத் தெரியவில்லை என்றாய்.

பச்சை மாங்காய் வாசம் எப்படியும் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. எனக்கு அது கூடத்திலிருந்தே தெரிந்தது. மத்தியப் பிரதேசத்தில் கிணறு போடும் ஒரு பாயிண்ட்டில், உச்சி வெயிலில் கம்ப்ரசர் பக்கத்தில் நின்று நின்று, நான் ஒரு நாள் சுருண்டு விழுந்திருக்கிறேன். அந்த நிலத்துக்காரரின் மனைவி அடுப்புத் தணலில் மாங்காயைச் சுட்டு, தோலை உரித்து, சதையைத் தண்ணீரில் பிசைந்து, உப்புப் போட்டு ஒரு சொம்பு நிறையக் கொடுத்தார். அதைக் குடித்துத்தான் எழுந்து உட்கார்ந்தேன். அந்த ருசி நினைவுக்கு வந்துவிட்டது. வாயைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

"மாங்காயச் சுட்டுப் போடச் சொல்லு" என்றேன், உன் அம்மாவிடம்.

"அடுப்புலயா, தணல்லயான்னு கேளுங்கம்மா" என்றாய், நீயும் அம்மாவிடம்.

"தணல்ல. தோல் கறுப்பாகி வெடிக்கோணும்."

நம் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு உன் அம்மா, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது?" என்று சொல்லிவிட்டுத் தணலுக்குக் கொட்டாங்குச்சி பொறுக்கப் போனாள்.

மறுநாள் நீ சுட்ட மாங்காயில் செய்தாய். மிளகாயையும் அன்றுதான் மாற்றினாய். இடிக்காமல், நீளவாக்கில் கீறி, விதையைத் தட்டிவிட்டு, அந்த ஒயினில் பத்து நிமிடம் மட்டும் ஊறப் போட்டு எடுத்தாய். அதற்கு மேல் கிடந்தால் ஒயின் காரத்தை முழுக்க உறிஞ்சிக்கொள்ளும், பிறகு குடிக்க முடியாது என்று அம்மாவுக்கு விளக்கினாய். ஐஸ், சுட்ட மாங்காய்க் கரைசல், ஒரு சிட்டிகை கல் உப்பு, கொஞ்சம் வெல்லம், நான்கு சொட்டு இஞ்சிச் சாறு, ஒரு சின்னக் கரண்டி அளவுக்கு ஒயின், மேலே சோடா. கிளாஸ் விளிம்பில் உப்பும் மிளகாய்த் தூளும் தடவியிருந்தாய். அதைக் கொண்டுவந்து என் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "காரம் சரியா இருக்குதான்னு யாராச்சும் சொன்னாப் பரவால்ல" என்றாய்.

எனக்குத் தெரிந்த முறையில் குடித்தேன். எழுந்து நின்று, அண்ணாந்து, ஒரே மூச்சு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கில் ஏறி, இருமி, ஸ்டூல் விழுந்தது. நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை.

"அப்பா. உக்காருங்க. யாரும் பறிச்சுக்க மாட்டாங்க."

ஒன்றரை வருடத்தில் நீ என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. உட்கார்ந்தேன். கிளாஸில் மிச்சம் எதுவுமில்லை என்பதால், நீ வேறொன்று கலந்து கொண்டுவந்தாய். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாய். "ஒரு வாய் குடிங்க. கீழ வெய்யுங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்றாய். முதலில் உப்பு தெரிந்தது. பிறகு புகை வாசத்தோடு மாங்காய். விழுங்கியதற்குப் பிறகு, போனால் போகிறதென்று வருவதுபோல மிளகாய், நாக்கின் ஓரத்தில். ஒயின் என்று தனியாக ஒன்றும் தெரியவில்லை, வேப்பம்பூ மாதிரி ஒரு சின்னக் கசப்பு மட்டும் கடைசியில் இருந்தது. அந்தக் கிளாஸைக் குடித்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே வெயில் தகரத்தில் பட்டுப் படபடவென்று சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுத் தறி சாப்பாட்டுக்கு நின்று, மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. முப்பது வருடமாகக் குடிக்கிறேன் அம்மிணி. குடித்ததில் ருசி என்ன என்று ஒருவர் என்னைக் கேட்டது அன்றுதான். நானும் யாரையும் கேட்டதில்லை. பகலில், நாற்காலியில் உட்கார்ந்து, பெண்டாட்டி பிள்ளை பார்க்கக் குடித்ததும் அன்றுதான்.

"நெம்ப நல்லா இருக்குது" என்றேன். "இன்னொண்ணு குடு."

"இல்லீங்கப்பா. ஒண்ணுதான்."

"இது போதையே இல்லயே."

"இதுக்கு இல்லீங்க. ரெண்டாவதுக்கு அப்பறம் நீங்க ருசிக்குக் குடிக்க மாட்டீங்க. யாருக்கு நிறுத்தோணும், எப்ப நிறுத்தோணும்னு பாக்கறதுதான் என் வேலையில பாதி." அப்புறம் பெங்களூரில் வருகிற ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னாய். நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளாஸைக் காலி செய்துவிட்டு, காலி செய்யாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாராம். "உங்கள மாதிரியே இருப்பாருங்க. ரெண்டுக்கு மேல அவருக்கு நான் ஊத்தினதே இல்ல. கோவிச்சுக்குவாரு. மறுவாரம் வந்துருவாரு."

உன் வேலை என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கடையில் முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் கையிலிருந்து பாட்டிலை வாங்கியிருக்கிறேன். போதும், வீட்டுக்குப் போங்க என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன். இத்தனை வேலை இருக்க, இதை ஏன் பிடித்தாய் என்று. நீ கிளாஸ் விளிம்பில் மிச்சமிருந்த உப்பை விரலால் வழித்துக்கொண்டே சொன்னாய். "ராசிபுரத்துக்கு ஷூ வாங்கக் கூட்டிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

இருந்தது. நீ மறந்திருப்பாய் என்று நினைத்து, நானும் மறந்துவிட்டதாக வைத்திருந்தேன். உனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருந்தது. வழியில் கடையைப் பார்த்ததும் வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, "ரெண்டே நிமிசத்துல வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பழைய ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் வெளியே வந்தபோது நீ வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாய். சீட்டுச் சூட்டில் இரண்டு தொடையும் சிவந்துபோயிருந்தன. ஷூக்கடை சாப்பாட்டுக்குச் சாத்திவிட்டார்கள். நீ அழவில்லை. வீட்டில் அம்மாவிடமும் சொல்லவில்லை. அது மட்டும்தான் நடந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அப்ப எங்க கிளாஸ் டீச்சர் அந்த வழியா வந்தாங்க. இங்க என்ன பண்ற, யாரு கூட வந்தேன்னு கேட்டாங்க. அப்பா மருந்துக் கடைக்குப் போயிருக்காருன்னு சொன்னனுங்க. டீச்சர் எனக்குப் பின்னால இருந்த கடை போர்டப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாங்க." விரலில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டுச் சொன்னாய். "உள்ள அப்படி என்னதான் இருக்குதுன்னு பாக்கோணும்னு அன்னிக்கு நெனச்சனுங்க. வளந்து பாத்தேன். குடிக்கற எடம் அப்படித்தான் இருக்கோணும்னு இல்லன்னு தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

நான் அப்போது எழுந்து போய் முகம் கழுவினேன். இப்போது சொல்கிறேன். அன்று உன்னை வெயிலில் உட்கார வைத்தது தப்பு. பத்து வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்ல வேண்டி வந்தது அதைவிடப் பெரிய தப்பு. நான் ஐம்பத்தெட்டு வயதில் உன்னைப் பற்றி ஊரெல்லாம் பொய் சொல்லிக்கொண்டு திரிந்தது இரண்டையும்விடக் கேவலம். என்னை மன்னித்துக்கொள் சாமி. இதை நேரில் சொல்லத் தெரியாதவன் என்பதால் எழுதுகிறேன், எழுத்தில் சொன்னால் கணக்கில் சேராது என்று நினைத்துவிடாதே.

நீ சிங்கப்பூர் போகிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை உன் மாமாவும் அத்தையும் சாப்பிட வந்தார்களே, அன்று நான் சொன்னதை முன்கூட்டி யோசித்து வைத்துச் சொன்னேன் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. இலையில் கறி விழுந்துகொண்டிருந்தது. உன் மாமா, "ஏனுங்க மாப்ள, புள்ளைக்கு அங்கயும் ரிசப்ஷன் வேலைதானுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். நீ தண்ணீர்ச் சொம்போடு நின்றாய். உன் முகத்தில் எந்த எதிர்பார்ப்பும் இல்லை. எதையும் எதிர்பார்க்காத அந்த முகம்தான் என்னைப் பிடித்து உலுக்கியது.

"இல்லீங்க மச்சான். பார்ல டிரிங்க்ஸ் கலக்கற வேலை. பெங்களூர்லயும் அதேதான். நான்தான் மாத்திச் சொல்லிட்டிருந்தேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. உன் மாமா இலையைப் பார்த்துக்கொண்டே, "இதெல்லாம் வெளிய சொல்லாதீங்க மாப்ள. நாளைக்குப் புள்ளையக் கட்டிக் குடுக்கோணுமில்ல" என்றார்.

"கேக்கறவங்ககிட்டச் சொல்லத்தான் போறேனுங்க. அதக் கேட்டுட்டு வாரவன் வந்தாப் போதும்."

அவர் ரசத்துக்கு நிற்காமல் எழுந்துவிட்டார். உனக்கு அது வருத்தமாக இருந்தது என்று தெரியும். ஆனால் உன் அத்தை சமையலறையில் ஒயின் ஊற்றாத மாங்காய்த் தண்ணீரை இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, "சோடா எங்க வாங்கினீங்க?" என்று கேட்டுக்கொண்டு போனதை நீயும் பார்த்தாய். மாமா நேற்று ஃபோன் செய்தார். உரம் எப்போது வருகிறது என்று கேட்டார். வேறெதுவும் பேசவில்லை. அது போதும். இன்னும் இரண்டு மாதத்தில் சரியாகிவிடுவார், அவரை எனக்குத் தெரியும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கொஞ்சம்தான். இருந்தாலும் அப்பன் எழுதுகிற கடிதத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். நீ செய்கிற வேலையை யாருக்காகவும் வேறு பெயர் வைத்துச் சொல்லாதே, எங்களுக்காகக்கூட. ஒருவனைப் பிடித்திருந்தால், அவன் குடிக்கிறானா என்று என்னைப் போன்றவர்கள் விசாரிப்பார்கள். நீ, குடிப்பதை அவன் உன் கண்முன்னால் உட்கார்ந்து செய்கிறானா என்று பார்த்துக்கொள். ஒளிக்க ஆரம்பித்தவனுக்கு ஒளிப்பதே பெரிய வேலையாகிவிடும். நான் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நிறுத்தவில்லை. தினமும் போனவன், போன வாரம் ஒரே ஒரு நாள் போனேன். போனதை வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "வாசம் சொல்லுது, நீங்க வேற எதுக்கு" என்றாள்.

நேற்று மத்தியானம் நானே அந்தப் பானத்தைச் செய்து பார்த்தேன். நீ விட்டுப்போன பாட்டிலில் அடியில் கொஞ்சம் இருந்தது. தணலில் மாங்காயைச் சுட்டு, கை சுடச் சுடத் தோலை உரித்தேன். மிளகாயைக் கீறி ஊறப் போட்டு, பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கிளாஸ்தான் வந்தது. வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது உன் அம்மாவும் வந்து பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு வாய் குடுங்க, பாக்கலாம்" என்றாள்.

நான் பயந்துபோனேன். கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். வாயிலேயே வைத்திருந்து, பிறகு விழுங்கினாள். உப்புப் பார்க்கிற மாதிரியே தலையைச் சாய்த்து யோசித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இதுக்காங்க முப்பது வருசம் என்னைய விட்டுட்டு ஓடி ஓடிப் போனீங்க?"

கிளாஸை அவள் பக்கமே தள்ளி வைத்தேன். மிச்சத்தையும் அவள்தான் குடித்தாள்.

உன் அப்பா